திரும்பி வராத ஏப்ரன்

கிராஸ்போல்,
ஏப்ரல் 18, 1974.

அன்பு மகள் மார்சலிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹெக்டரும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், சுகமில்லை என்று எழுதினால் அங்கே தூங்க மாட்டாய், அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறேன், முழங்கால் போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். ஒன்பது ஆடு குட்டி போட்டாகிவிட்டது, அதில் இரண்டு இரட்டை, அந்தக் கறுப்பு முகத்துக்காரி மட்டும் இன்னும் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கிறாள், உன் அப்பா இருந்தால் தினமும் போய் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதாதே. அந்த வயிற்றோடு நியூசிலாந்திலிருந்து மூன்று விமானம் மாறி நீ வந்து நின்றிருந்தால் அவரே பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து உன்னைத் திட்டியிருப்பார். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள், எட்டு எட்டுப் பேராகத் தோள் மாற்றி மாற்றி மூன்று மைல் நடந்தார்கள், ஒரு இடத்திலும் கீழே இறக்கவில்லை. நாங்கள் பெண்கள் வழக்கம்போல வேலி வரைக்கும் போய் நின்றுவிட்டோம். மேட்டில் ஏறி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்து பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றினேன். இப்போதும் சில நாள் ஊற்றிவிடுகிறேன், இரண்டையும் நானே குடித்துவிடுகிறேன். அவருடைய தொப்பி கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்குகிறது, எடுக்கச் சொல்லி உன் டோலினா பெரியம்மா இரண்டு தடவை சொன்னாள், நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

புது வருஷக் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய், பையன் பிறந்தால் அலஸ்டர் என்று வைக்கலாமா, அப்பாவின் தாத்தா பெயர் அதுதானே, பிறகு ஏன் நம் மக்காஸ்கில் வீட்டில் ஒருத்தருக்கும் அந்தப் பெயர் இல்லை என்று. அந்தக் கடிதத்தை உன் அப்பா எத்தனை தடவை படித்தார் என்று எனக்குத் தெரியும், மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. பதில் நானே எழுதுகிறேன், நீ குறுக்கே வராதே என்றார், எழுதுவதற்குள் போய்விட்டார். இந்தப் பதில் இவ்வளவு நாள் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் இல்லை, துக்கம்கூடக் காரணம் இல்லை. முழுவதும் படி, நடுவில் நிறுத்தி என்மேல் கோபப்படாதே.

நம் பக்கத்தில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உன் அப்பாதான் அலஸ்டர். அவருக்கு ரோரி என்று வைத்தது அம்மா வழிப் பெயர். ஊரில் எல்லாருக்கும் அது ஏன் என்று தெரியும், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். உன் கொள்ளுத்தாத்தா அலஸ்டர், கார்ஸ்கர் பாறைக் கலங்கரை விளக்கில் காவலராக இருந்தார். 1899 பிப்ரவரியில் ஒரு ராத்திரி அந்த விளக்கு சுற்றாமல் நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் போன கப்பல்காரன் ஒருத்தன் புகார் எழுதினான். தலைமைக் காவலர் மேலே ஏறிப் பார்த்தபோது விளக்கறையில் ஆள் இல்லை, பாறை முழுக்கத் தேடியும் ஆள் இல்லை. அவருடைய பூட்ஸும் கோட்டும் கீழே படுக்கை அறையிலேயே இருந்தன. பூட்ஸ்கூடப் போடாமல் பிப்ரவரிக் கடலுக்குப் போனவன் வேறு எதற்குப் போயிருப்பான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. விளக்கையும் விட்டான், உயிரையும் தானே விட்டான் என்று இரண்டு பழி. அவர் மனைவி கடைசி வரைக்கும் தேவாலயத்தில் பின் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை, முன்னால் வா என்றும் யாரும் சொல்லவில்லை. உன் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் விளக்கை ஊதிவிட்டு, "டேய் ரோரி, உங்க தாத்தா இந்தப் பக்கமாத்தான் ஓடினாராம், பாத்தியா" என்று கேலி செய்வார்களாம். கல்யாணம் ஆன புதிதில் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு முடிந்ததும் வெளியே போய் ரொம்ப நேரம் விறகு வெட்டினார், நம் வீட்டில் விறகே எரிப்பதில்லை, எல்லாம் சதுப்பில் வெட்டுகிற கரிமண் கட்டிதான், எங்கேயோ கரை ஒதுங்கிய பலகை அது.

போன வருஷம் அவர் படகை விற்றபிறகு கையில் நேரம் இருந்தது. எடின்பரோவில் இருக்கிற விளக்கு அலுவலகத்துக்கு எழுதினார். அந்தக் காலத்துப் பதிவுப் புத்தகத்தின் பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்ப முடியுமா என்று மரியாதையாக ஒரு கடிதம், பதில் வராததால் இன்னொரு கடிதம். உன் கடிதம் வந்தபிறகு, தாத்தா எப்படிச் செத்தார் என்று தெரிந்துவிட்டால் மார்சலிக்கு நான் ஒரு வார்த்தையில் பதில் எழுதிவிடுவேன் என்பார். "தெரிஞ்சு அது கெட்டதா இருந்தா என்ன பண்ணுவீங்க" என்று கேட்டேன். "தெரியாமலே இத்தனை வருஷம் கெட்டதாத்தானே இருந்துச்சு, இதுக்கு மேல என்ன கெடப் போகுது" என்றார். ஜனவரி இருபத்தாறில் ஆடுகளுக்குப் புல் போடப் போனவர் சுவரோரமாக உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் அந்தப் பொட்டலம் வந்தது. அவர் பெயர் எழுதி, திரு. ரோரி மக்காஸ்கில் அவர்களுக்கு என்று. தபால்காரன் கையில் கொடுக்கத் தயங்கி, வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

நான் எவ்வளவு படித்தவள் என்று உனக்குத் தெரியும். பதினாலு வயதில் ஹெர்ரிங் மீன் குடல் எடுக்கப் போனவள், அதற்குப் பிறகு ஓட்டல் சலவை அறையில் இருபது வருஷம். அச்செழுத்து என்றால் விரல் வைத்துப் படித்துவிடுவேன், கையெழுத்து என்றால் தடுமாற்றம்தான். அதனால் நீல் அண்ணனைக் கூப்பிட்டேன், மூன்று விளக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபிறகு எங்கே ஸ்கோன் சுடுகிற வாசனை வந்தாலும் அங்கே இருப்பார். வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது எழுத்தா கிர்ஸ்டி, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார். "உங்க எழுத்து மட்டும் என்னவாம், உங்க பதிவுப் புத்தகத்தைப் பாத்துத்தான் கப்பலெல்லாம் பாறைல மோதுச்சாம்" என்றேன். அன்றைக்குத்தான் உன் அப்பா போனபிறகு நான் முதல் தடவை சிரித்தேன், சிரித்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

நாலு நாள் உட்கார்ந்து படித்தோம். அன்றைக்கு உள்ள பதிவில் மூன்றே வரி. இரண்டு மணிக்கு விளக்கறையில் காவலர் இல்லை, சாவி கொடுக்காமல் இயந்திரம் நின்றிருந்தது, வெளியே சுற்றி ஓடுகிற மாடத்துக்குப் போகும் கதவு சாத்தியிருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேலே வேறு கையெழுத்தில், வடக்குக் காற்று, கடும் பனி என்று மணிக்கு மணி எழுதியிருந்தது. நீல் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லை, ரோரி பார்க்காததே நல்லது என்றார். பொட்டலத்தின் அடியில் இன்னும் ஒரு தாள் இருந்தது, செத்தவருடைய சாமான்களைக் கரைக்கு அனுப்பியபோது போட்ட பட்டியல். அது சும்மா துணிமணிப் பட்டியல், தள்ளி வை என்றார். துணிப் பட்டியல் என்றால் நான் விடுவேனா, இருபது வருஷம் நான் படித்த ஒரே புத்தகம் அதுதானே. பூட்ஸ் ஒரு ஜோடி, இருக்கிறது. கோட், இருக்கிறது. எண்ணெய்த் துணி மேல்சட்டை, இருக்கிறது. கம்பளிச் சட்டை மூன்று, காலுறை ஐந்து ஜோடி. அதற்குக் கீழே அலுவலகத்துச் சாமான்கள் என்று தனியாக. லினன் ஏப்ரன், கொடுத்தது இரண்டு, திரும்பியது ஒன்று. கண்ணாடி துடைக்கிற தோல், ஒன்று குறைவு. விளக்கறைச் செருப்பு, இல்லை.

"நீல் அண்ணே, இந்த ஏப்ரன் எதுக்கு" என்று கேட்டேன். கோட்டுப் பித்தான் பட்டு லென்ஸ் கீறிவிடக் கூடாது என்று விளக்கறையில் எல்லாரும் கட்டிக்கொள்வது, கனத்த பூட்ஸும் அங்கே ஆகாது, மெத்தென்ற செருப்புதான், பூட்ஸைக் கீழேதான் விட்டுவிட்டு ஏற வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நான் சொன்னேன், "சாகப் போறவன் எதுக்கு வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கிட்டு, கையில துடைக்கிற தோலையும் எடுத்துக்கிட்டுப் போறான்." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பனி கொட்டினால் விளக்கறைக் கண்ணாடி வெளியே மூடிக்கொள்ளும், உள்ளே எவ்வளவு எரிந்தாலும் வெளியே தெரியாது, காவலர் மாடத்தில் இறங்கிச் சுற்றி வந்து துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் போவார்கள், இல்லாவிட்டால் காற்றில் விளக்கு புகைந்துவிடும், பனியில் கால் வழுக்கினால் கீழே கடல்தான் என்றார். அவரே நூறு தடவை சாத்திவிட்டுப் போயிருக்கிறாராம். "சாத்தின கதவைப் பாத்துட்டுத்தான் அவர் மாடத்துக்குப் போகலன்னு எல்லாரும் நெனச்சிருக்காங்க. கரையில இருக்கிறவன் அப்படி நினைக்கலாம், எங்க ஆளுங்களுக்கு எங்க போச்சு புத்தி" என்று மேசையில் அடித்தார், தேநீர் கொட்டியது. மார்சலி, எனக்கு அப்படியே எழுந்து ஓடிப்போய்த் தொழுவத்தில் உன் அப்பாவைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. கதவு வரைக்கும் போய்விட்டேன். அந்தத் தொப்பியைப் பார்த்தபிறகுதான் திரும்பி வந்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கடிதம் பிப்ரவரியிலேயே உனக்கு வந்திருக்கும். நீல் அண்ணன் போகும்போது ஒன்று சொன்னார், அவர் மனதில் வேறு எதுவும் இல்லை, தொழில்காரர் பேச்சு அவ்வளவுதான். அந்த மாதிரிப் பனியில் ஒருத்தன் தனியாக மாடத்தில் இறங்கக் கூடாது, மணி அடித்து இன்னொருத்தனை மேலே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும், அவர் ஏன் தனியாகப் போனார், அப்போது யார் முறை என்று பார்ப்போம் என்று மறுபடி உட்கார்ந்தார். ராத்திரி மூன்று முறை, ஆளுக்கு நாலு மணி நேரம், முறை தினமும் மாறிக்கொண்டே வரும். முந்தின நாட்களின் பக்கங்களை வைத்து விரல் விட்டு எண்ணினார். அன்றைக்கு ஆறிலிருந்து பத்து வரைக்கும் அலஸ்டர். பத்திலிருந்து இரண்டு வரைக்கும் இளைய காவலர். ஆனால் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் எழுதியிருப்பதும் அலஸ்டரின் கையெழுத்துதான். அதற்குப் பிறகு வெறும் கோடு. இளையவன் எழுந்து வரவே இல்லை, காணாமல்போனவன் முறையாகத்தான் இருக்கும் என்று ஊர் தானே நினைத்துக்கொண்டது, அவன் வாயைத் திறக்கவில்லை, தலைமைக் காவலரும் கண்ணில் பட்டதை மட்டும் எழுதிவிட்டு விட்டுவிட்டார் என்றார். "போனவன் வரப்போறதில்ல, இருக்கிறவன் சின்னப் பையன்னு அந்த மனுஷன் நெனச்சிருப்பான்." சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அடுத்த ராத்திரிப் பதிவு இளையவன் எழுதியது. எனக்குக் கையெழுத்து படிக்கத் தெரியாது என்றேன் இல்லையா, அந்தக் கையெழுத்து மட்டும் தெரியும். நம் வீட்டுப் பைபிளின் முதல் பக்கத்தில் நான் பிறந்த தேதியை எழுதியிருக்கிற கையெழுத்து அது. அந்த இளைய காவலர் என் அப்பா. உன் ஹெக்டர் தாத்தா.

அப்பா கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் விளக்கில் இருந்தார், ஒத்துக்கொள்ளாமல் வந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், எந்த விளக்கு என்று அவர் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. எங்களுக்கு அவர் ஊர்த் தபால்காரர், தபால் ஹெக்டர். நீல் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "அடுப்பு பக்கத்துலதான் இருக்கு கிர்ஸ்டி. நான் வேணும்னா ஆடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று எழுந்து வெளியே போனார். பொய் சொல்ல மாட்டேன், அடுப்பு மூடியைத் திறந்தேன். ஏப்ரன் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிட்டால் உன் அப்பா வீட்டுப் பழியும் போகும், என் அப்பா பெயரும் நிற்கும், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று தோன்றியது. பிறகு இன்னொன்று தோன்றியது, ஐம்பத்திரண்டு வருஷம் என் அப்பாவும் இதைத்தான் நினைத்திருப்பார், நாளைக்குச் சொல்லலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று. மூடியைப் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அப்பாவைப் பற்றிய ஒவ்வொரு ஞாபகமும் மனசில் புரண்டு புரண்டு படுக்கிறது. உனக்குக்கூட ஞாபகம் இருக்கும், தாத்தாவை யாரும் இரண்டாம் தடவை கூப்பிட்டதே கிடையாது. அம்மா அடுப்படியிலிருந்து ஹெக் என்பதற்குள் எழுந்து நின்றுவிடுவார், சாப்பாட்டுக் கரண்டி வாயில் இருந்தாலும் சரி. நாங்கள் குழந்தைகள் அதை வைத்து விளையாடுவோம், சும்மாவே அப்பா என்று கூப்பிட்டுவிட்டு ஒளிந்துகொள்வோம், பத்து தடவை கூப்பிட்டாலும் பத்து தடவையும் வருவார், ஒரு தடவைகூடக் கோபித்ததில்லை. வருஷத்தின் முதல் பனி விழுந்த காலையில் ஒரு கூடை கரிமண் கட்டியை முதுகில் சுமந்துகொண்டு போய் மக்காஸ்கில் விதவையின் சுவர்மேல் வைத்துவிட்டு வருவார், கதவைத் தட்டமாட்டார். நல்ல மனசு என்று ஊரே சொல்லியது, எனக்கும் பெருமையாக இருந்தது. உன் அப்பா என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு டோலினா அடுப்படியில் என் காதில், "விளக்கை விட்டவன் வீட்டுக்கா போகப் போற, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா" என்று சொல்லிக் கிள்ளினாள். அப்பா என்ன செய்தார் தெரியுமா, உன் அப்பா கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்த வீட்டுக்குப் போக என் பொண்ணு குடுத்து வச்சிருக்கணும்" என்றார். மாப்பிள்ளை பிடித்துப்போன சந்தோஷம் என்று நினைத்தோம். அந்தச் சாயங்காலம் உன் அப்பா காது சிவந்து போய், எங்கே உட்காருவது என்று தெரியாமல் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, எழுந்தபோது பின்னால் வெள்ளையாக நின்றது இப்போதுகூடக் கண்ணில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, அதை எழுதாமல் விட்டால் மனசு ஆறாது. அப்பா சாகக் கிடந்த வாரம் படுக்கையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். "வரேன், இதோ வரேன்" என்று காலைக் கீழே போடுவார். ராத்திரி கூடவே உட்கார்ந்திருந்தது உன் அப்பாதான். தோளைப் பிடித்துப் படுக்க வைத்து, "யாரும் கூப்பிடல மாமா, நீங்க தூங்குங்க" என்பார். இவர் சொன்னால் மட்டும்தான் அவர் படுத்தார். அலஸ்டரின் பேரன் சொல்லி.

மணி அடித்தும் அப்பா எழுந்திருக்கவில்லையா, பையன் தூங்கட்டும் என்று அவர் அடிக்கவே இல்லையா, எனக்குத் தெரியாது. அலஸ்டர் அந்த மாதிரி மனுஷர்தான் என்று உன் அப்பா வீட்டில் சொல்வார்கள், ஆனால் அப்பா எழுந்து எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தால் அடித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு பேசாமல் இருந்தது அப்பாதான், ஒரு விதவையைப் பின் பெஞ்சில் உட்காரவிட்டுவிட்டுக் கரிமண் சுமந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, கோபம் வந்த கையோடு அவருடைய வளைந்த முதுகு ஞாபகம் வருகிறது.

டோலினாவிடம் முதலில் சொன்னேன், அவள்தான் மூத்தவள். "செத்துப்போன அப்பாவை இழுத்துட்டு வந்து சந்தியில நிறுத்தப் போறியா" என்று கத்தினாள். "எழுபத்தஞ்சு வருஷம் என் வீட்டுக்காரரோட தாத்தா நின்னாரே டோலினா" என்றேன். "புருஷன் போனதுல உனக்குப் புத்தி கலங்கிடுச்சுடி, அந்த நீலோட ஸ்கோன் தின்னுக்கிட்டுக் கதை கட்டுறீங்க ரெண்டு பேரும்" என்றாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலயத்து மதில் பக்கம் எல்லாரும் நிற்கும்போது சொன்னேன், ஏப்ரனையும் சொன்னேன், பதினொன்றையும் பன்னிரண்டையும் சொன்னேன், யார் மகள் சொல்கிறாள் என்பதையும் சொன்னேன். பிறகு ஆண்கள் ஒவ்வொருத்தராகத் தொப்பியைக் கழற்றினார்கள், எந்தத் தாத்தாவுக்காக என்று நான் கேட்கவில்லை. உன் அப்பாவின் கல் கோடையில் தயாராகும், அவர் பெயருக்கு மேலே அவர் தாத்தா பெயரும் வரும், கார்ஸ்கர் விளக்கில் பனி துடைக்கையில் இறந்தார் என்று. டோலினா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலையில் கதவைத் திறந்தால் சுவர்மேல் ஒரு கிண்ணத்தில் முட்டை இருக்கிறது. கதவைத் தட்டுவதில்லை. அப்பா பெண்தானே.

அதனால் கண்ணே, உன் கேள்விக்கு உன் அப்பா ஒரு வார்த்தையில் எழுத நினைத்த பதில் இதுதான், வை. அலஸ்டர் என்றே வை. பெண்ணாக இருந்தாலும் விடாதே, அலஸ்டரீனா என்று வை, ஆண் பெயருக்கு வால் ஒட்டிப் பெண்ணுக்கு வைப்பது நமக்கு என்ன புதிதா, டொனால்ட் பெயரை வைத்துத்தானே உன் பெரியம்மா டோலினா ஆனாள். மூத்தவன் பெயரை மாற்றலாமா என்று மட்டும் யோசிக்காதே, அவன் ஹெக்டராகவே இருக்கட்டும். உனக்கு இரண்டு ஜோடி காலுறையும் குழந்தைக்கு வெள்ளைச் சால்வையும் இன்றைக்கே அனுப்புகிறேன், சால்வையில் ஒரு ஓரம் உன் அப்பா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னியது, எந்த ஓரம் என்று தெரியாது, முழுவதையும் பத்திரமாக வைத்துக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, கனமான வாளியைத் தூக்காதே, மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கரையிலும் கடலிலும் காக்கட்டும், பிரசவம் லேசாக நடக்கட்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதோடு சேர்ந்தே வருகிறது.

ஒன்றை மட்டும் மறக்காதே. குட்டி ஹெக்டருக்கு இப்போதிருந்தே சொல்லிப் பழக்கு. சின்னது பிறந்து, ராத்திரியோ பகலோ, அவனைக் கூப்பிட்டால் முதல் கூப்பிடுதலிலேயே எழுந்து போகட்டும்.

உன் அம்மா,
கிர்ஸ்டி